குழந்தைகளில் எலும்பு முறிவு வலி மேலாண்மை

குழந்தைகளில் எலும்பு முறிவு வலி மேலாண்மை என்பது எலும்பு முறிந்த நேரம் முதல் அது சேர்ந்து, குழந்தை மீண்டும் இயல்பாக இயங்கத் தொடங்கும் வரை உள்ள காலத்தில் வலியை அளந்து, தணித்து, அதன் போக்கைக் கண்காணிக்கும் மருத்துவ முறைகளைக் குறிக்கும். சரியாகப் பொருத்தி அசையாமல் கட்டப்பட்ட முறிவில் வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு அல்லது மூன்று நாட்களில் அது மிகுந்திருக்கும். ஒரு வாரத்திற்குப் பின் பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து தேவைப்படாது. எனவே வலியைத் தணிப்பது குழந்தையின் துன்பத்தைப் போக்குவதற்காக மட்டும் செய்யப்படுவதன்று. குறைய வேண்டிய வலி கூடினால் அது கையையோ காலையோ இழக்க நேரும் ஓர் ஆபத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வலியைத் தொடர்ந்து கவனித்து வருபவரே அந்த மாற்றத்தை உரிய நேரத்தில் அறிய முடியும்.

குழந்தைகளில் மிகுதியாகக் காணப்படுவது முன்கை எலும்பு முறிவு ஆகும். விழும்போது கையை ஊன்றுவதே இதற்குக் காரணம். இக்கட்டுரை பெரும்பாலும் முன்கை, முழங்கை முறிவுகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

முறிவில் வலி எழும் விதம்

எலும்பின் கடினப் பகுதியைவிட அதை மூடியிருக்கும் எலும்புறை என்னும் மெல்லிய சவ்விலேயே வலி நரம்புகள் நெருக்கமாக உள்ளன. எலும்பு முறியும்போது இச்சவ்வு கிழிகிறது அல்லது இழுபடுகிறது. முறிந்த இடத்தில் இரத்தம் கட்டி, வீக்கம் உண்டாகி, புராசுட்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் சுரந்து நரம்பு முனைகளை மேலும் கூருணர்வு உடையனவாக ஆக்குகின்றன. சுற்றியுள்ள தசைகள் முறிந்த பகுதியைக் காப்பது போல இறுகிக்கொள்வதால் வலி இன்னும் கூடுகிறது. தொடை எலும்பு முறிவில் இத்தசை இறுக்கமே வலியின் பெரும்பகுதியாகும்.

குழந்தைகளின் எலும்புறை பெரியவர்களுடையதைவிடத் தடிப்பானது, எலும்பும் வளையக்கூடியது. இதனால் பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளப்பது போன்ற பசுங்கொம்பு முறிவும், எலும்பு நசுங்கி ஓரத்தில் புடைத்துக்கொள்ளும் புடைப்பு முறிவும் குழந்தைகளில் காணப்படுகின்றன. குழந்தைகளுக்கு எலும்பு விரைவாகவும் சேரும். மணிக்கட்டை ஒட்டிய முறிவு பெரும்பாலும் 3 முதல் 6 வாரங்களில் சேர்ந்துவிடும்.

அசைவை நிறுத்துவது மிகப் பழைமையான வலிநீக்க முறையாகும். முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உராயாதவாறு ஒரு பலகையையோ மடித்த தாளையோ வைத்துத் தளர்வாகக் கட்டியவுடனேயே குழந்தையின் அழுகை குறைவதைக் காணலாம். நெதர்லாந்து படை மருத்துவரான அன்டோனியசு மதெய்சன் 1851இல் உருவாக்கிய மாவுக்கட்டுத் துணி இந்த எளிய கொள்கையையே பின்பற்றியது. ஆயினும் எல்லா முறிவுக்கும் இறுக்கமான கட்டு தேவையில்லை. மணிக்கட்டில் புடைப்பு முறிவு ஏற்பட்ட 965 குழந்தைகளிடம் ஐக்கிய இராச்சியத்தின் 23 மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. விறைப்பான கட்டு போடப்பட்டவர்களுக்கும் மென்துணிக் கட்டு மட்டும் தரப்பட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வேறுபாடு காணப்படவில்லை.

வலி புறக்கணிக்கப்பட்ட வரலாறு

குழந்தைகள் பெரியவர்களைப் போல வலியை உணர்வதில்லை, உணர்ந்தாலும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்னும் கருத்து 1980கள் வரை மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. பச்சிளங்குழந்தைகளுக்குத் தசைத் தளர்த்தியுடன் மிகக் குறைந்த மயக்கமருந்து மட்டும் தந்து அறுவை செய்யும் வழக்கமும் இருந்தது. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்சுபோர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த் இக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலிநீக்கியையும் சேர்த்துத் தந்தால் உடலின் அழுத்த இயக்குநீர்கள் குறைவாகச் சுரக்கின்றன, அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் குறைகின்றன என்று அவரும் உடனாய்வாளர்களும் 1987இல் காட்டினர். நினைவு பற்றிய ஐயத்திற்குக் கனடாவில் இருந்து விடை கிடைத்தது. வலிநீக்கி இன்றிச் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், சில மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட மிகுதியாக வலியை வெளிப்படுத்தினர் என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.

அறிவியல் மாறிய அளவு விரைவாக நடைமுறை மாறவில்லை. ஒரே வகை முறிவுடன் அவசரப் பிரிவுக்கு வரும் பெரியவருக்கு வலிநீக்கி தரப்பட்டு, குழந்தைக்குத் தரப்படாமல் போவது பல நாடுகளிலும் பதிவாகியுள்ளது. பேசத் தெரியாத குழந்தையின் நிலை இன்னும் மோசம். ஊசி மருந்தால் பின்னாளில் பழக்கம் ஏற்பட்டுவிடும் என்ற அச்சம், அழுவது குழந்தையின் இயல்பு என்ற எண்ணம், ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற வளர்ப்பு முறை ஆகியன இதற்குத் துணைபோகின்றன. முறிவு வலிக்குச் சில நாட்கள் உரிய அளவில் மருந்து பெறும் சிறு குழந்தை அதற்கு அடிமையாகிவிடும் என்பது மிகைப்பட்ட அச்சமாகும்.

வலியை அளத்தல்

வலியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. எனவே குழந்தையின் வயதுக்கேற்ப மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் "வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10, இப்போது எவ்வளவு?" என்று கேட்டாலே போதுமானது. மூன்று வயது முதல் முகப்பட அளவுகோல் பயன்படும். டோனா வாங், கோனி பேக்கர் ஆகிய இருவர் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லகோமாவில் உருவாக்கிய அளவுகோலில் சிரிக்கும் முகம் முதல் கண்ணீர் விடும் முகம் வரை ஆறு படங்கள் உள்ளன. அவை 0, 2, 4, 6, 8, 10 என மதிப்பிடப்படும். குழந்தை தன் வலிக்குப் பொருந்தும் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பெரியவர் படத்தைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவுகோலின் முறை அன்று. எனினும் நடைமுறையில் இத்தவறு அடிக்கடி நிகழ்கிறது.

பேசத் தெரியாத அல்லது சொல்ல இயலாத குழந்தைகளுக்கு 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்ட ஃபிளாக் அளவுகோல் உள்ளது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதல் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிதமான வலி என்றும், 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையான வலி என்றும் கொள்ளப்படும்.

அசையாமல் படுத்திருக்கும் குழந்தைக்கு வலி இல்லை என்று கொள்ளக்கூடாது. அசைந்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட குழந்தையும் அசையாமல்தான் படுத்திருக்கும். ஊசி போடுவார்கள் என்று அஞ்சி வலியை மறைக்கும் குழந்தைகளும் உண்டு. ஒருமுறை எடுத்த எண்ணைவிட, நேரத்தோடு குறித்துவைத்த எண்களின் தொடர் மிகுந்த பயன் தரும். காலை 6, மாலை 4, மறுநாள் 3 என்று இறங்கும் வரிசை வலி எதிர்பார்த்தபடி குறைந்து வருவதைக் காட்டுகிறது.

மருத்துவமனையில்

முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்தும் நேரமே சிகிச்சையில் மிகக் கடுமையான வலி தரும் நேரமாகும். முற்காலத்தில் குழந்தையை இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் எலும்பை இழுத்துப் பொருத்துவார். தற்போது கீட்டமின் தந்து சிறிது நேரம் மயக்குதல், ஆக்சிசனுடன் நைட்ரசு ஆக்சைடு வளியை முகர வைத்தல், முறிந்த இடத்து இரத்தக்கட்டினுள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துதல் முதலிய முறைகள் உள்ளன. தொடை எலும்பு முறிவில் இடுப்பருகே தொடை நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தினால் தசை இறுக்கமும் தளர்ந்துவிடும்.

குழந்தைகளின் ஊசி அச்சத்தைக் கருத்திற்கொண்டு, ஃபென்டனிலை மூக்கினுள் தெளிக்கும் முறை உருவானது. நீள் எலும்பு முறிந்த குழந்தைகளுக்கு இம்முறை நரம்புவழி மார்பினுக்கு நிகராக வலியைத் தணித்தது என்று ஆசுத்திரேலியாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை அனைத்தும் மூச்சையும் ஆக்சிசன் அளவையும் கண்காணிக்கும் வசதி உள்ள இடத்தில் பயிற்சி பெற்றவரால் மட்டுமே செய்யப்பட வேண்டியவை.

வீட்டில் தரப்படும் மருந்துகள்

பாராசிட்டமால், இபுப்ரோபென் ஆகிய இரண்டுமே வீட்டில் முறிவு வலிக்குத் தரப்படும் முதன்மை மருந்துகள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் தரப்படுகிறது. இபுப்ரோபென் ஒரு வேளைக்குக் கிலோகிராமுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை, 6 முதல் 8 மணி நேர இடைவெளியில், உணவுக்குப் பின் தரப்படுகிறது. இது மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், சிறுநீரக நோய், இரைப்பைப் புண், நீரிழப்பு உள்ளவர்களுக்கும் ஏற்றதன்று. ஆசுத்துமா உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். மாவுக்கட்டுடன் இருக்கும் குழந்தைக்கு இடையில் காய்ச்சல் வந்து, அது டெங்கியாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால் இபுப்ரோபெனை உடனே நிறுத்த வேண்டும். அது இரத்தக்கசிவைக் கூட்டும். ஆசுப்பிரின் சிறு குழந்தைகளுக்கு வலி மருந்தாகத் தரப்படுவதில்லை. அது ஈரலையும் மூளையையும் தாக்கும் இரேய் நோய்க்கூட்டுடன் தொடர்புடையது.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மருந்தைக் கடிகாரப்படி தர வேண்டும். "வலி வந்தால் கொடுங்கள்" என்ற அறிவுரை குழந்தைக்குப் பொருந்துவதில்லை. குழந்தை சொல்லி, பெற்றோர் நம்பி, மருந்து உள்ளே சென்று செயற்படும் வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் கடந்துவிடும். அதற்குள் வலி உச்சத்தை எட்டியிருக்கும். இரவு படுக்கும்முன் ஒரு வேளை தருவது முதன்மையானது. பகலில் விளையாட்டில் மறந்திருந்த வலி இரவின் அமைதியில் தெரியத் தொடங்கும்.

அளவுக் கணக்கு

இங்கு நேரும் பிழைகளில் பெரும்பாலானவை கணக்குப் பிழைகளே. இந்தியக் கடைகளில் பாராசிட்டமால் திரவம் 5 மில்லிலிட்டரில் 120 அல்லது 125 மில்லிகிராம், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம், ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்து எனப் பல செறிவுகளில் விற்கப்படுகிறது. 16 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு உயர்ந்த அளவாக ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம் தேவை என்க. முதல் வகையில் (120) இது 10 மில்லிலிட்டர். அதே 10 மில்லிலிட்டரை இரண்டாம் வகையில் தந்தால் 500 மில்லிகிராம், அதாவது இரு மடங்கு ஆகிவிடும். சொட்டு மருந்தில் தந்தால் 1000 மில்லிகிராம் ஆகும். இது ஏறக்குறைய ஒரு நாள் முழுவதற்கும் உரிய உச்ச அளவு. மிகையான பாராசிட்டமால் ஈரலைச் சிதைக்கும். அச்சிதைவு முதல் நாளில் வெளியே தெரிவதுமில்லை.

ஆகவே மருந்தை "இத்தனை மூடி" என்று நினைவில் வைக்காமல் மில்லிகிராமில் எழுதிவைப்பதே பாதுகாப்பானது. சமையலறைக் கரண்டிகளின் அளவு வீட்டுக்கு வீடு வேறுபடும். ஊசியில்லாப் பீச்சுக்குழலோ புட்டியுடன் வரும் அளவு மூடியோ பயன்படுத்த வேண்டும். இபுப்ரோபெனும் பாராசிட்டமாலும் ஒரே புட்டியில் கலந்து வரும் மருந்துகளும் இந்தியாவில் உண்டு. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்துள்ளது. இவற்றுடன் தனிப் பாராசிட்டமாலும் தந்தால் அளவு தெரியாமலேயே கூடிவிடும்.

இபுப்ரோபெனும் எலும்பு சேர்தலும்

இபுப்ரோபென் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்ற கருத்தால் பல மருத்துவர்கள் இதைத் தவிர்த்து வந்தனர். இக்கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இம்மருந்து தடுக்கும் புராசுட்டாகிளாண்டின், வலியை உண்டாக்குவதோடு புதிய எலும்பு உருவாகவும் துணைசெய்கிறது. விலங்குகளில் நடந்த சோதனைகளிலும் இவ்வகை மருந்துகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தியுள்ளன. ஆனால் குழந்தைகளிடம் குறுகிய காலம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகளில், 2020இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு உட்பட, அத்தகைய தாமதம் காணப்படவில்லை. எலிகளில் கண்டதை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்தி ஒரு நல்ல மருந்தை மறுப்பது சரியன்று என்பதே இன்று பெரும்பான்மை மருத்துவர்களின் நிலை.

பயன் பற்றிய சான்றும் வலுவானது. கனடாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், காயமுற்ற குழந்தைகளுக்கு இபுப்ரோபென் பாராசிட்டமாலைவிடவும் கோடீனைவிடவும் வலியை நன்கு தணித்தது. அறுவை தேவைப்படாத முறிவுடன் வீடு திரும்பிய குழந்தைகளிடம் வாய்வழி மார்பினையும் இபுப்ரோபெனையும் ஒப்பிட்ட மற்றொரு கனடிய ஆய்வு 2014இல் வெளியானது. வலி குறைவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வாந்தி, தூக்கக் கலக்கம் முதலியன மார்பின் பெற்றவர்களிடமே மிகுதி.

தவிர்க்கப்பட்ட மருந்துகள்

கோடீன் நீண்ட காலம் குழந்தைகளின் முறிவு வலிக்குத் தரப்பட்டது. இது உடலினுள் ஈரல் நொதி ஒன்றால் மார்பினாக மாற்றப்பட்ட பின்பே வேலை செய்யும். அந்நொதியின் வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சிலருக்குக் கோடீன் எந்தப் பயனும் தராது. வேறு சிலரின் உடல் அதை மிக விரைவாக மார்பினாக மாற்றிவிடுவதால் மூச்சு நின்றுபோகக்கூடும். உரிய அளவே தரப்பட்டும் குழந்தைகள் இறந்ததை அடுத்து, ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கோடீனை வலிக்குத் தரக்கூடாது என்றது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2017இல் 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கோடீனுடன் டிராமடோலையும் வலிக்குத் தரக்கூடாதவற்றில் சேர்த்தது. இந்தியாவில் ஒருகாலத்தில் குழந்தைகளுக்குப் பரவலாகத் தரப்பட்ட நிமெசுலைடு, ஈரல் பாதிப்பு காரணமாக 2011இல் 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை செய்யப்பட்டது.

மருந்தில்லா வழிகள்

முதல் மூன்று நாட்கள் முறிந்த கையைத் தலையணைகள் மேல் இதய மட்டத்திற்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். பகலில் தொட்டில்கட்டு கையைத் தாங்கும். பனிக்கட்டியை நெகிழிப் பையில் இட்டு, துணியில் சுற்றி, கட்டு நனையாதவாறு 15 முதல் 20 நிமிடங்கள் வைக்கலாம். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்வது இரத்த ஓட்டத்திற்கு உதவும். எச்சரிக்கை அறிகுறிகளைக் காணவும் பயன்படும்.

கதை, பாட்டு, படம், விளையாட்டு ஆகியவற்றால் கவனத்தைத் திருப்புவது வெறும் ஏமாற்று வேலை அன்று. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது மூளை வலியைக் குறைவாகவே உணர்கிறது. மடியில் வைத்துக்கொள்ளுதலும் தாய்ப்பால் தருதலும் பச்சிளங்குழந்தைகளுக்கு உண்மையான வலிநீக்கிகள். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லிக் கட்டுப் போட அழைத்துச் செல்லும் பெற்றோரைக் குழந்தை அடுத்த முறை நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று கூறுவது மேல்.

கட்டினுள் ஏற்படும் அரிப்புக்குக் குச்சி, பென்சில், பின்னல் ஊசி ஆகியவற்றை நுழைப்பது வழக்கம். இதனால் தோல் கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சீழ் பிடிக்கும். முடியுலர்த்தியில் குளிர்காற்றை மட்டும் கட்டின் வாய்வழியே செலுத்தலாம்.

எச்சரிக்கை தரும் வலி

முன்கையிலும் காலிலும் தசைகள் விரிந்துகொடுக்காத உறைகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முறிவுக்குப் பின் ஏற்படும் வீக்கம் அவ்வறையினுள் அழுத்தத்தைக் கூட்டி, நுண் இரத்தக் குழாய்களை அடைத்துவிடக்கூடும். இறுக்கமான கட்டு இதனை மேலும் கடுமையாக்கும். இது தசையறை அழுத்த நோய் எனப்படும். சில மணி நேரத்திற்குள் அழுத்தம் நீக்கப்படாவிட்டால் தசையும் நரம்பும் இறந்துபோகும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்குப் பின் ஏற்படும் சேதம் பெரும்பாலும் மீளாதது. இவ்வாறு தசை இறந்து, விரல்கள் மடங்கியபடியே நிலைத்துவிடும் முடத்தை 1881இல் செருமானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு பான் வோல்க்மன் விவரித்து, அது இறுக்கமான கட்டுகளால் வருவது என்று எழுதினார். இன்றும் அம்முடம் அவர் பெயராலேயே வழங்குகிறது. முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவு இதற்குப் பெயர்பெற்றது.

பாடநூல்கள் இந்நோய்க்கு நிறம் வெளுத்தல், நாடி இழத்தல், உணர்விழத்தல், செயலிழத்தல் என்று அறிகுறிகளைப் பட்டியலிடுகின்றன. இவை தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நாடி கடைசி வரை துடித்துக்கொண்டே இருக்கவும் கூடும். குழந்தைகளில் இந்நோயை ஆராய்ந்து 2001இல் வெளியான பாசுட்டன் ஆய்வொன்று, ஓயாத அமைதியின்மை, பதற்றம், வலிநீக்கியின் தேவை கூடிக்கொண்டே போதல் ஆகிய மூன்றையும் முதல் அறிகுறிகளாகக் கூறியது. இவற்றுள் மருந்துத் தேவை கூடுவது, மற்ற மாற்றங்களுக்குப் பல மணி நேரம் முன்னதாகவே காணப்பட்டது.

நேற்று ஒரு வேளை மருந்தில் தூங்கிய குழந்தை இன்று இரண்டு மருந்துகள் தந்தும் துடிக்கிறது என்றால், அடுத்த வேளைக்குக் காத்திருக்கக்கூடாது. விரலை மெதுவாக நீட்டிவிட்டால் முன்கையில் கடும் வலி, விரல் மரத்துப்போதல், விரல்கள் வெளுத்தல் அல்லது நீலமாதல், அசைக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் நள்ளிரவே ஆயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்நிலையில் கையை உயர்த்தி வைப்பதும் தவறு. இதய மட்டத்தில் வைக்க வேண்டும். மருத்துவமனையில் கட்டு முழுவதும், உள்ளே உள்ள பஞ்சு உட்பட, தோல் தெரியும் வரை பிளக்கப்படும். அதனாலும் குறையாவிட்டால் தசை உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்கும் அவசர அறுவை செய்யப்படும்.

தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் புத்தூர்க் கட்டு முதலிய மரபுவழிக் கட்டுகளை நாடும் வழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. மேற்கூறிய விதி மாவுக்கட்டு, மூங்கில் சிம்பு, துணிக்கட்டு ஆகிய அனைத்துக்கும் பொதுவானது. கட்டியவர் யாராயினும், "கட்டைத் தொடக்கூடாது, வலி இருக்கத்தான் செய்யும்" என்ற அறிவுரை முதல் இரண்டு நாட்களில் கூடிவரும் வலிக்குப் பொருந்தாது.

சில நாட்கள் கழித்து வலி மீண்டும் தோன்றினால் காரணம் வேறாக இருக்கலாம். ஒரே இடத்தில் எரிச்சலுடன் வலித்தால் கட்டின் விளிம்பு தோலை அழுத்துகிறது எனலாம். கெட்ட வாடை, கசிவு, காய்ச்சல் ஆகியன கிருமித்தொற்றைக் காட்டும். திடீரென்று வலித்தால் பொருத்திய எலும்பு நழுவியிருக்கலாம். இதற்குக் கதிர்ப்படம் மீண்டும் எடுக்க வேண்டும்.

கட்டுப் பிரித்த பின்

மாவுக்கட்டை அறுக்கும் கருவியின் ஒலியே குழந்தைகளைப் பெரிதும் அச்சுறுத்துகிறது. அதன் தகடு சுழல்வதில்லை, முன்னும் பின்னும் அதிர்கிறது. அதனால் விறைப்பான கட்டை அறுக்குமே தவிர, இளகிக்கொடுக்கும் தோலைப் பொதுவாக வெட்டுவதில்லை. எனினும் தகடு சூடேறித் தோலைச் சுடக்கூடும் என்பதால், சுடுகிறது என்று குழந்தை சொன்னால் நிறுத்திப் பார்ப்பது நன்று. கருவியை முன்கூட்டியே காட்டி, காதை மூடிக்கொள்ளச் செய்தால் அச்சம் குறையும்.

கட்டுப் பிரித்தவுடன் கை மெலிந்தும், தோல் உலர்ந்து செதில் செதிலாகவும் காணப்படும். மூட்டு விறைப்பால் சில நாட்கள் வலி இருப்பது இயல்பு. குழந்தைகளின் மூட்டைப் பிறர் வலிந்து மடக்குவதும், எண்ணெய் இட்டு அழுத்தி நீவுவதும் வலியையும் விறைப்பையும் கூட்டும். முழங்கையில் இது குறிப்பாகத் தீங்கானது. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துக் குழந்தையே விளையாட்டாக அசைப்பது போதுமானது. பெரும்பாலான சிறுவர்களுக்கு இயன்முறை மருத்துவம் தேவைப்படுவதில்லை.

அரிதாக, எலும்பு சேர்ந்த பின்னும் வாரக்கணக்கில் கடும் வலி நீடித்து, தொட்டாலே கூசுதல், தோலின் நிறமும் வெப்பமும் மாறுதல், வியர்த்தல் முதலியன காணப்படும். இது சிக்கலான வட்டார வலி நோய்க்கூட்டு எனப்படும். குழந்தைகளில் இது பதின்ம வயதை ஒட்டிய பெண்களிடமும், கையைவிடக் காலிலும் மிகுதி. கதிர்ப்படத்தில் எலும்பு சேர்ந்துவிட்டதாகத் தெரிவதால் குழந்தை பள்ளிக்குச் செல்லாதிருக்க நடிக்கிறது என்று கருதப்பட்டு, நோயறிதல் தாமதமாவது உண்டு. இதற்கான சிகிச்சையில் மருந்தைவிட, நாள்தோறும் சிறிது சிறிதாக உறுப்பைப் பயன்படுத்த வைக்கும் இயன்முறைப் பயிற்சியும் உளவியல் துணையுமே முதன்மையானவை. பெரியவர்களைவிடக் குழந்தைகள் இதிலிருந்து நன்கு குணமடைகின்றனர்.